ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்?

52-இலிருந்து 27-ஐக் கழித்தால் மிச்சம் எவ்வளவு?

இருபத்தைந்து என்று சட்டென்று சொல்லிவிட்டீர்கள். மகிழ்ச்சி. இப்போது உங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தையைக் கூப்பிட்டு, இதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பிறகு இந்தக் கட்டுரையைத் தொடர்ந்து படிக்கலாம்.

சென்ற மாதம் கிளைக் கூட்டம் முடிந்து ஒரு தோழர் வீட்டுக்குத் தேநீர் அருந்தப் போயிருந்தேன். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். அவருடைய மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டில் அவள் எழுதியிருந்த விடை 35. தோழர் எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது, கை ஓங்கிற்று. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

“எப்படியம்மா போட்டாய்?” என்று கேட்டேன்.

“அஞ்சுலே ரெண்டு போனா மூணு. ஏழுலே ரெண்டு போனா அஞ்சு. பெரிசுலேருந்துதானே மாமா சின்னதைக் கழிக்கணும்?”

கவனித்தீர்களா தோழர்களே! அந்தக் குழந்தை மூளையில்லாமல் எழுதவில்லை. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று முதல் வகுப்பிலே யாரோ சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, இரண்டும் ஏழும் மேலும் கீழுமாக நின்றபோது, பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டது. சட்டத்தை மீறாத குழந்தைக்கு அடியா பரிசு?

சட்டைப் பையிலிருந்து ஐந்து பத்து ரூபாய் நோட்டையும் இரண்டு ஒரு ரூபாய்க் காசையும் எடுத்து அவளிடம் கொடுத்து, “எனக்கு 27 ரூபாய் கொடு” என்றேன். இரண்டு நோட்டை உடனே நீட்டினாள். இன்னும் ஏழு வேண்டும். கையிலே இரண்டு காசுதான். ஒரு கணம் விழித்தாள். அடுத்த கணம், “அம்மா, பத்து ரூபாய்க்குச் சில்லறை இருக்கா?” என்று அடுக்களைக்கு ஓடினாள். உண்டியலிலிருந்து பத்துக் காசு வந்தது. ஏழை எண்ணிக் கொடுத்தாள். மிச்சத்தை எண்ணினாள். யாரும் சொல்லாமலே நோட்டை இழுத்து 35-ஐ அடித்துவிட்டு 25 என்று எழுதினாள்.

இதைத்தான் நாம் பள்ளியில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று படித்தோம். என்ன பொல்லாத பெயர்! கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டும். இந்தக் கணக்கில் யாரும் யாருக்கும் எதையும் திருப்பித் தருவதில்லை. பத்து ரூபாய் நோட்டை மாற்றிச் சில்லறையாக்குகிறோம், அவ்வளவுதான். பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பிலேயே கடனைப் பழக்கிவிட வேண்டுமென்று யாரேனும் திட்டமிட்டுப் பெயர் வைத்தார்களோ என்னவோ!

தோழர் கேட்டார்: “அதெல்லாம் சரி தோழர். இது வாத்தியார் வேலை. கட்சிக்காரன் பார்க்கிற வேலையா?”

பார்க்கத்தான் வேண்டும் என்கிறேன். காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

நாடு முழுவதும் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லியும் கணக்குப் போடச் சொல்லியும் எடுக்கப்படுவது ‘ஏசர்’ என்ற ஆய்வு. 2005-இல் தொடங்கியது. 2024-இல் அவர்கள் கண்டது இது: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இத்தகைய இரண்டிலக்கக் கழித்தலைச் சரியாகப் போட்டவர்கள் நூற்றுக்கு 33.7 பேர். ஐந்தாம் வகுப்பில், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தவர்கள் நூற்றுக்கு 30.7 பேர். இதுவும் முன்னேற்றம் கண்ட பிறகுதான். 2022-இல் கழித்தல் தெரிந்தவர்கள் 25.9 பேராக இருந்தனர். ஐந்தாண்டு பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் வகுத்தல் தெரியாமல் ஆறாம் வகுப்பு வாசலை மிதிக்கிறார்கள் என்றால், அங்கே அவர்களுக்குப் பின்னமும் சதவீதமும் எப்படி விளங்கும்? விளங்காத வகுப்பில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? நின்றுவிட்டால் எந்தப் பட்டறையில் போய்ச் சேருவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு தெரிந்தவன் ஒரு பக்கம், தெரியாதவன் மறுபக்கம் என்று நின்ற வரலாறு நமக்குப் புதிதா? நெல்லாகக் கூலி அளந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால்! தஞ்சைத் தரணியிலே 1940-களில் விவசாயத் தொழிலாளர் இயக்கம் எழுந்தபோது, சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்ற முழக்கத்தோடு, முத்திரையிட்ட மரக்காலால் கூலியை அள என்ற கோரிக்கையும் எழுந்தது. முதுகில் விழுந்த சாட்டை கண்ணுக்குத் தெரிந்தது. மரக்காலில் மறைந்த சாட்டையைக் காண எண்ணத் தெரிந்த கண் வேண்டியிருந்தது.

மரக்கால் போயிற்று. கணக்கு போயிற்றா? ஒரு டஜனுக்கு 14 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் 46 டஜன் தைத்தாயிற்று. சீட்டில் 624 என்று எழுதியிருக்கிறது. 46-ஐப் பத்தால் பெருக்கினால் 460, நாலால் பெருக்கினால் 184, கூட்டினால் 644. இருபது ரூபாய் எங்கே? வரிசையில் நின்றுகொண்டே மனத்தால் பெருக்கிப் பார்க்கத் தெரிந்தவன் கேட்பான். தெரியாதவன் சீட்டை மடித்துப் பையில் வைப்பான்.

தண்டல்காரர் கணக்கு இன்னும் நேர்த்தியானது. பத்தாயிரம் என்று சொல்லி 8,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறார். தினம் 100 ரூபாய், 100 நாள் கட்டு என்கிறார். “ஆயிரத்தைந்நூறுதானே வட்டி” என்று நம்மவர் சமாதானம் அடைகிறார். தோழர்களே, அந்த ஆயிரத்தைந்நூறு ஓராண்டுக்கு அல்ல, 100 நாளுக்கு! அந்த 100 நாளும் 8,500 ரூபாய் முழுதாக நம் கையில் இருக்கிறதா? முதல் நாளிலிருந்தே திருப்பிக்கொண்டிருக்கிறோம். சராசரி பார்த்தால் பாதித் தொகையைத்தான் அந்த நூறு நாளும் வைத்திருந்தோம். போட்டுப் பாருங்கள்: ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டி ஓடும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. கழித்தலும் வகுத்தலும் தெரியாதவன் அந்தச் சட்டத்தை எதை வைத்துக் கூப்பிடுவான்?

ஆகவேதான் சொல்கிறேன், தொடக்கப்பள்ளிக் கணக்கு நம் வேலை.

நம் மண்ணில் கணக்குப் பயிற்சிக்குக் குறைவு இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை நாள்தோறும் ஒப்பித்து, முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை பிள்ளைகள் நாவில் வைத்திருந்தார்கள். நெல்லளவும் நிலத்தளவும் அந்தச் சுவடிகளில் இருந்தன; படித்தவன் நேரே களத்துக்கும் கடைக்கும் கணக்கெழுதப் போகலாம். மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் யார் பிள்ளை உட்கார்ந்தான்? நெல்லை விளைவித்தவன் பிள்ளைக்குப் பெரும்பாலும் அங்கே இடமில்லை. அளக்கப்பட்டவன் வெளியே, அளந்தவன் பிள்ளை உள்ளே. பழம்பெருமை பேசும் நண்பர்கள் இந்த ஒரு வரியைச் சேர்த்துப் பேசினால் நன்றாயிருக்கும். அந்தத் திண்ணையின் பிரம்பும் மறக்கக் கூடியதல்ல.

இன்று எல்லோர் பிள்ளையும் பள்ளிக்குப் போகிறது. 1956-இல் மதிய உணவு வந்தது. 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. வயிற்றை நிரப்பி உட்கார வைத்தாயிற்று. ஆனால் கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் தமிழகத்தில் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. அந்த இடைவெளியில் விழுந்த பள்ளத்தைத் தூர்க்க, 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. வரவேற்க வேண்டியதுதான். திட்டம் பள்ளியில் நடக்கும். பயிற்சி வீட்டிலும் தெருவிலும் சேர்ந்து நடக்க வேண்டும்.

எப்படி நடக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்ற நகரத்துத் தெருவில் தேங்காய் விற்ற 12 வயதுச் சிறுவனைப் பற்றிய ஆய்வொன்று 1985-இல் வெளிவந்தது. ஒரு தேங்காய் 35 குருசெரோ. பத்துத் தேங்காய் என்ன விலை என்று ஆய்வாளர் வாடிக்கையாளர் போல நின்று கேட்டார். சிறுவன், மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் மூன்று சேர்ந்தால் 315, ஒன்றும் சேர்ந்தால் 350 என்று வந்து நின்றான். விடை சரி. ஆனால் பத்தால் பெருக்க ஒரு சுழியைச் சேர்த்தால் போதும் என்பது அவனுக்கு உதவிக்கு வரவில்லை. இப்படித் தெருவில் விற்ற ஐந்து பிள்ளைகள் வியாபாரத்தில் கேட்ட 63 கேள்விகளில் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது, 37 விழுக்காடுதான் தேறிற்று.

அது எங்கோ பிரேசில் என்று தள்ளிவிட வேண்டாம். கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளையும், பள்ளிக்குப் போகும் 471 பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வு 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அதில் பங்கு கொண்டவர்கள். சந்தைப் பிள்ளை கிலோ, விலை, மிச்சச் சில்லறை எல்லாம் மனத்திலே போடுகிறான். தாளில் கொடுத்தால் திணறுகிறான். பள்ளிப் பிள்ளை தாளில் போடுகிறான். சந்தையில் கொண்டுபோய் நிறுத்தினால் திணறுகிறான். ஆளுக்குப் பாதிக் கணக்கு! ஒருவனுக்குக் கையிலே இருப்பது தாளுக்கு ஏறவில்லை. மற்றவனுக்குத் தாளில் இருப்பது கைக்கு இறங்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டுவதுதான் பயிற்சி. நோட்டை மாற்றச் சொன்னதோடு நான் நிறுத்தியிருந்தால் அந்தக் குழந்தைக்குப் பாதிதான் கிடைத்திருக்கும். அவள் தன் கையால் 35-ஐ அடித்து 25 என்று எழுதினாளே, அப்போதுதான் காசும் தாளும் கைகோத்தன.

முதலில் பத்து. பத்தை எப்படி எல்லாம் பிரிக்கலாம் என்பது குழந்தைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்: எட்டும் இரண்டும், ஏழும் மூன்றும், ஆறும் நாலும். இது வந்துவிட்டால் 8-உம் 5-உம் கூட்ட விரலை மடக்க வேண்டாம். ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டுக்குக் கொடு, பத்தாயிற்று, மிச்சம் மூன்று, பதின்மூன்று. நம் மொழி இதற்கு எவ்வளவு வாகு பாருங்கள்! பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், இருபத்தைந்து என்றால் இரு பத்தும் ஐந்தும் என்று சொல்லிலேயே கணக்கு இருக்கிறது. ‘லெவன்’, ‘டுவெல்வ்’ என்று சொல்லும் பிள்ளைக்கு அந்தச் சொல்லில் பத்து தென்படாது. ஆங்கிலம் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணத் தொடங்கும் குழந்தையைத் தமிழில் எண்ண விடுங்கள் என்கிறேன். எண்பத்தொன்பதுக்கு அடுத்துத் தொண்ணூறு என்பதில் மட்டும் பிள்ளைகள் தடுக்கி விழும். அங்கே கொஞ்சம் கையைப் பிடிக்க வேண்டும்.

பிறகு வாய்ப்பாடு. இதைக் கேட்டாலே சில பெற்றோருக்குப் பழைய பிரம்பு நினைவுக்கு வந்து, ‘மனப்பாடம் கூடாது’ என்பார்கள். வேறு சிலர் விளக்கம் எதற்கு, ஒப்பித்தால் போதும் என்பார்கள். இருவரும் பாதிவழியில் நிற்கிறார்கள். ஒன்று முதல் பத்து வரை வாய்ப்பாட்டில் நூறு பெருக்கல்கள். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்று குழந்தை கண்டுகொண்டால் நூறு 55 ஆகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் எளிதில் வந்துவிடும்; அவற்றை நீக்கினால் மிச்சம் 21. ஒன்பதைப் பத்தில் ஒன்று குறைத்துப் போடலாம்: பத்தேழு எழுபது, அதில் ஏழு போனால் அறுபத்து மூன்று. அதையும் நீக்கினால் பதினைந்தே பதினைந்து! நூறு மூட்டை சுமக்க வேண்டும் என்று பயந்து நிற்கும் குழந்தையிடம், பதினைந்துதான் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்வதைக் காண்பீர்கள். அந்தப் பதினைந்தை விளங்கிக்கொண்டு மனத்திலும் ஏற்ற வேண்டும். ஓரேழ் ஏழு, ஈரேழு பதினான்கு என்று பாட்டாகச் சொல்வது நல்லதுதான். ஆனால் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழிலிருந்து பாடிக்கொண்டு வரக்கூடாது. வரிசை மாற்றிக் கேளுங்கள். ஐயெட்டு நாற்பது, ஈரெட்டுப் பதினாறு, சேர்ந்தால் ஐம்பத்தாறு என்று குழந்தை தானே வழி கண்டால் தட்டிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைத்து உருட்டுவது பயிற்சியல்ல, தண்டனை. நாளைக்குக் கால் மணி. நேற்றுப் போட்டதில் இரண்டு, போன வாரம் போட்டதில் இரண்டு, இன்றைக்குப் புதிதாக ஒன்று. தவறு வந்தால், ‘எப்படிப் போட்டாய்?’ என்று கேட்க வேண்டும். தவறுக்குள்ளே ஒரு காரணம் ஒளிந்திருக்கும். ‘பெண்ணுக்குக் கணக்கு வராது’ என்ற பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். பூக்காரம்மா முழக்கணக்குப் போடுவதையும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிச் சுற்றும் அம்மா தன் கணக்கைத் துணியில் முடிந்து வைத்திருப்பதையும் தினமும் பார்த்துக்கொண்டே இப்படிப் பேச எப்படித்தான் நா எழுகிறதோ!

முன்பெல்லாம் கடைக்கு அனுப்பினாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும். நூறு ரூபாயைக் கொடுத்து, எண்ணெய்க்கும் பருப்புக்கும் போக மிச்சத்தை எண்ணி வா என்போம். இப்போது கடைக்குக் கடை ஓர் அட்டை. கைப்பேசியைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. சில்லறை என்பதே குழந்தையின் கண்ணில் படுவதில்லை. வசதி வேண்டாம் என்பாரில்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது காசைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்புங்கள். தாயக்கட்டையையும் பல்லாங்குழியையும் பரணிலிருந்து இறக்குங்கள். புளியங்கொட்டைக்குக் கட்டணம் இல்லை.

“கைப்பேசியே கணக்குப் போடுகிறதே, பிள்ளை ஏன் போட வேண்டும்?” என்று ஓர் இளந்தோழர் கேட்டார். நல்ல கேள்வி. பொத்தானை அழுத்தும்போது ஒரு சுழி கூடிவிட்டால், விடை தவறு என்று கைப்பேசியா சொல்லும்? 46 டஜனுக்கு 14 ரூபாய் என்றால் அறுநூறுக்கு மேல், எழுநூறுக்குள் என்று மனம் முன்கூட்டி மதிப்பிட்டால்தான் கருவி காட்டுவதைச் சந்தேகிக்க முடியும். சந்தேகிக்கத் தெரியாதவன் கையில் கருவி இருந்தாலும் அவன் இன்னொருவர் கணக்குக்குத்தான் தலையாட்டுவான்.

இன்னொரு தோழர் கேட்டது இதைவிடக் கனமானது. “சர்க்கார் செய்ய வேண்டிய வேலையை நாம் தலையில் போட்டுக்கொண்டால், அவர்கள் தப்பித்துக்கொள்ள மாட்டார்களா?” என்றார். நியாயம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்! ஒருவர் இரண்டு மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, எமிஸ் பதிவேட்டையும் நிரப்பிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஏன் 35 என்று எழுதிற்று என்று எப்போது கேட்பார்? வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் விடக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் அதை எழுத்திலே பதிவு செய்ய வேண்டும். ஆனால் கோரிக்கை நிறைவேறும் நாள் வரைக்கும் அந்தக் குழந்தை மூன்றாம் வகுப்பிலேயே காத்திருக்குமா? கூலி உயர்வுக்குப் போராடும்போது அன்றைக்கு அடுப்பு எரியாமலா இருக்கிறது?

எங்கள் கிளையில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மன்றத்துப் படிப்பகத்தில் மாலை ஆறரை முதல் ஆறேமுக்கால் வரை கணக்கு நேரம். பத்திரிகை வாசிக்க வரும் தோழர்கள் அந்தக் கால் மணி பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டும். மூன்று பிள்ளைக்கு ஒரு தோழர். யாரும் கை ஓங்கக் கூடாது; ஓங்கினால் அன்றைய தேநீர்ச் செலவு அவருடையது. முதல் வாரம் பத்தைப் பிரிக்கும் விளையாட்டு, அடுத்த வாரம் நோட்டு மாற்றும் கழித்தல். தையற்காரத் தோழர்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். தன் கூலிச் சீட்டுகளைக் கொண்டுவந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சரிபார்க்கச் சொல்லப் போகிறாராம். ஈர்க்குச்சிக் கட்டும் ஒரு படி புளியங்கொட்டையும் சேர்ந்துவிட்டன. ஒரு ரூபாய்க் காசுதான் குறைகிறது. வைத்திருப்பவர்கள் படிப்பகத்தில் கொடுத்துவிட்டு, பத்து ரூபாய் நோட்டாக மாற்றிக்கொண்டு போகலாம்.